கம்பம்மெட்டு ஏறி இறங்கும் நோக்கியா 1100: இருபது வருடத்துக்குப் பிறகு ஒரு விமர்சனம்

போன வாரம் அம்மாவின் போனை மைக் மாற்றி வாங்கி வந்தேன். நோக்கியா 1100. 2005இல் கம்பத்தில் ஒருவர் பயன்படுத்திவிட்டு விற்றதை 1,800 ரூபாய் கொடுத்து வாங்கியது, அன்றைக்கு எங்கள் வீட்டில் அது பெரிய காசு, இரண்டு தவணையாகத்தான் கொடுத்தோம். இருபது வருடம் ஒரே பொருளை ஒரே ஆள் தினமும் பயன்படுத்தியிருக்கிறார் என்றால் அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. வாங்கி ரெண்டு நாளில் எழுதுகிற விமர்சனங்களில் அந்த விஷயங்கள் வராது.

அம்மா ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர். விடியும் முன்னே எழுந்து சோறாக்கி, தூக்குவாளியில் கட்டிக்கொண்டு ஜீப்புக்கு நிற்க வேண்டும். கம்பம்மெட்டு வளைவுகளில் ஏறி, செக்போஸ்ட் தாண்டினால் கேரளாவின் இடுக்கி மாவட்டம். வேலை அங்கே, வீடு இங்கே. ஏலச் செடியில் காய் தலைக்கு மேலே தொங்காது, அடித்தூரிலிருந்து தரையோடு கிளம்புகிற சரத்தில்தான் பிடிக்கும். அதனால் நாள் முழுக்கக் குனிந்தோ, ஈரத்தில் குத்தவைத்தோ வேலை. ஜூன் தொடங்கிவிட்டால் மழை, சேறு, அட்டை. கையெல்லாம் பிசுபிசுப்பு. இந்தக் கையில் வைத்துப் பேசுவதற்கு எப்படிப்பட்ட போன் வேண்டும் என்று யாராவது உட்கார்ந்து யோசித்திருப்பார்களா என்று கேட்டால், நிஜமாகவே யோசித்திருக்கிறார்கள்.

1100 வந்தது 2003இல். தூசியும் ஈரப்பதமும் உள்ள நாடுகளில், முதன்முதலாகப் போன் வாங்கப் போகிறவர்களை மனதில் வைத்துச் செய்தது. முன்பக்க விசைப்பலகை முழுக்க ஒரே ரப்பர் விரிப்பு. தனித்தனிப் பொத்தான் இல்லாததால் இடுக்கில் மண் போக வழியில்லை. பக்கவாட்டில் கை வழுக்காதபடி சொரசொரப்பு கொடுத்திருக்கிறார்கள். எடை 86 கிராம்தான், சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகினால் பாரமே தெரியாது. தலையில் ஒரு டார்ச். சி பொத்தானை அழுத்திப் பிடித்தால் எரியும், இரண்டு தடவை தட்டினால் அணையாமல் நின்று எரியும். ஜீப் நிற்கும் இடம் வரைக்கும் தெருவிளக்கு இல்லாத பாதையில் அம்மா நடந்தது எல்லாம் இந்த வெளிச்சத்தில்தான். போன் பேசுகிறதைவிட டார்ச் அடிப்பதற்குத்தான் அதிகம் உபயோகப்பட்டது என்று சொன்னாலும் தப்பில்லை.

அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. அதனால் பெயர் தேடி எடுப்பதெல்லாம் நடக்காது. ஆனால் ஒரு எண்ணை அழுத்திப் பிடித்தால் நேராக அழைப்பு போகிற வசதி இதில் உண்டு. 2 நான், 3 அக்கா, 4 ஜீப்காரர், 5 தோட்டத்துக் கங்காணி. எண்களின் பெயிண்ட் தேய்ந்து பத்து வருடமாகிறது, விரலுக்கு இடம் தெரியும், இருட்டிலும் தப்பாமல் அழுத்துவார். கேமரா, ரேடியோ, இன்டர்நெட் எதுவும் இதில் கிடையாது. அந்த இல்லாமையை ஒரு நாளும் அவர் குறையாகச் சொன்னதில்லை.

சரி, எல்லை விஷயத்துக்கு வருகிறேன். வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாமல் போகலாம். இந்தியாவில் செல்போன் உரிமங்களை சர்க்கிள் சர்க்கிளாகப் பிரித்துத்தான் கொடுத்தார்கள். தமிழ்நாடு ஒன்று, கேரளா ஒன்று. நம் சிம் தமிழ்நாடு சிம் என்றால், மெட்டு தாண்டி அந்தப் பக்கக் கோபுரத்தைப் போன் பிடித்த அடுத்த நொடியே ரோமிங். 2003 மே மாதத்திலிருந்து உள்வரும் அழைப்பு இலவசம் என்றார்கள், ஆனால் அது சொந்த சர்க்கிளுக்குள். மலையில் அம்மா இருக்கும்போது நான் கூப்பிட்டால் அம்மா காசு போகும். அந்தக் காலத்தில் நாங்கள் வைத்திருந்த நிறுவனத்தின் சிம்மில் இப்படி எத்தனையோ ரீசார்ஜ் கரைந்தது. காலையில் 50 ரூபாய் போட்டுவிட்டால் சாயங்காலம் இறங்கி வரும்போது 30 தான் இருக்கும், யாரிடம் கேட்பது? அதைவிடக் கொடுமை, வீட்டு வாசலில் நிற்கும்போதே சில நாள் மலைமேல் கோபுரத்தின் சிக்னல் பலமாக இருந்து போன் கேரளாவுக்குப் போய்விடும். அம்மா மாநிலம் தாண்டியிருக்க மாட்டார், போன் தாண்டியிருக்கும்.

இதற்கு 1100லேயே இரண்டு வழி இருந்தது. ஒன்று, செட்டிங்ஸ் உள்ளே போய் நெட்வொர்க் தேர்வை ஆட்டோமேட்டிக்கிலிருந்து மேனுவலுக்கு மாற்றி, தமிழ்நாட்டு நெட்வொர்க்கை மட்டும் பிடிக்கச் சொல்வது. மற்றொன்று, செல் இன்ஃபோ டிஸ்ப்ளே. அதை ஆன் செய்து 50ஆம் சேனலைப் போட்டுவிட்டால் கோபுரம் இருக்கும் ஊரின் பெயர் திரையில் ஓடும். இன்றைய போன்களில் மேப்பைத் திறந்து பார்க்கிறோமே, அந்த வேலையை அன்றைக்கு ஒரு கறுப்பு வெள்ளைத் திரை செய்தது. படிக்கத் தெரியாத அம்மா, அந்த எழுத்துகளின் வடிவத்தை வைத்து 'இது நம்ம ஊரு, இது மேல' என்று கண்டுபிடிக்கப் பழகியிருந்தார். மேலே என்றால் மிஸ்டு கால் மட்டும்.

ரோமிங் என்ற இந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கிற கதையைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன், தெரிந்தபோது ஆதங்கமாகவே இருந்தது. நோக்கியா பின்லாந்து கம்பெனி. 1865இல் ஃபிரெட்ரிக் இடெஸ்டாம் என்ற இன்ஜினியர் ஆரம்பித்த மரக்கூழ் ஆலைதான் தொடக்கம். அப்புறம் ரப்பர் கம்பெனி, கேபிள் கம்பெனி இரண்டும் சேர்ந்து 1967இல் ஒன்றானது. ரப்பர் பூட்ஸ் செய்தவர்கள் என்பதால்தான் சேற்றைப் பற்றித் தெரிந்திருந்தது போலிருக்கிறது என்று எனக்குத் தோன்றும், அது என் நினைப்பு மட்டுமே. 1981-82 வாக்கில் ஸ்வீடன், நார்வே, டென்மார்க், பின்லாந்து நான்கும் சேர்ந்து என்.எம்.டி. என்ற மொபைல் வலையமைப்பைத் தொடங்கின. ஒரு நாட்டுப் போன் பக்கத்து நாட்டிலும் தானாக வேலை செய்ய வேண்டும் என்பது அதன் அடிப்படை நோக்கங்களில் ஒன்று. நோக்கியாவின் மொபைல் வளர்ச்சி அங்கேதான் வேர் பிடித்தது. அதே எண்ணம்தான் அடுத்து வந்த ஜி.எஸ்.எம்.மிலும், அதாவது 1100 போன்ற 2ஜி போன்களின் தொழில்நுட்பத்திலும். 1987இல் 13 ஐரோப்பிய நாடுகள் கோபன்ஹேகனில் கையெழுத்துப் போட்டு ஒரே தொழில்நுட்பம் என்று முடிவெடுத்தன. 1991 ஜூலை 1ஆம் தேதி பின்லாந்தின் முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கெரி, நோக்கியா கருவிகளால் கட்டிய ராடியோலின்யா நெட்வொர்க்கில் முதல் ஜி.எஸ்.எம். அழைப்பைப் பேசினார். சிம் கார்டு ஆளுக்கு, போன் கருவி மட்டும், எந்த நாட்டுக் கோபுரமும் அந்த சிம்மை விசாரித்துச் சேர்த்துக்கொள்ளும் என்ற ஏற்பாடு முழுக்க எல்லை தாண்டுவதற்கென்றே செய்தது.

அப்படிப்பட்ட தொழில்நுட்பத்தை வாங்கி வந்து, ஒரே நாட்டுக்குள் ஒரு மலை மேட்டில் கோடு போட்டு, தாண்டினால் காசு என்று ஆக்கிவிட்டார்கள். ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிற கூலிக்காரர்கள்தான் தினமும் அந்தக் கோட்டைத் தாண்டினவர்கள். பி.எஸ்.என்.எல். 2015 ஜூன் 15 முதல் ரோமிங்கில் உள்வரும் அழைப்பை இலவசமாக்கியது. ஏர்டெல் 2017 ஏப்ரலில் ரோமிங் கட்டணத்தையே எடுத்தது. அதற்குள் அம்மாவின் போனுக்குப் பன்னிரண்டு வயது.

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31, கொல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு டெல்லியில் மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசினார், கையில் நோக்கியா. நம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் 1996 செப்டம்பர் 17இல் கொச்சியில் எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளை பேசித் தொடங்கி வைத்தார். அந்த ஆண்டுகளில் நிமிடத்துக்கு 8 ரூபாய்க்கு மேல், வந்தாலும் காசு, போனாலும் காசு. அதிலிருந்து ஒன்பது பத்து வருடத்தில் ஒரு தோட்டத் தொழிலாளி கையில் போன் வந்தது என்றால், கட்டணம் இறங்கியது ஒரு பாதி, 1100 மாதிரி ஒரு கருவி வந்தது மறு பாதி. உலகம் முழுக்க இந்த ஒரு மாடல் 25 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. நோக்கியா விற்ற நூறு கோடியாவது போன் 2005இல் நைஜீரியாவில் விற்ற ஒரு 1100.

பேட்டரியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பி.எல்.-5சி. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தின்போது அம்மாவும் இன்னும் ஆறு பேரும் இறங்க முடியாமல் தோட்டத்து லயத்திலேயே, அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டிலேயே, தங்கிவிட்டார்கள். கரண்ட் இல்லை. மண்சரிவு, ரோடு மூடல் என்று செய்தி வந்துகொண்டிருந்தது. லயத்தில் இருந்த தொடுதிரைப் போன்கள் எல்லாம் முதல் ராத்திரியே அணைந்துவிட்டன. அம்மாவின் போனில் நாலு கட்டத்தில் மூணு கட்டம் சார்ஜ். கோபுரம் டீசலில் ஓடினவரைக்கும், ஒவ்வொருவர் சிம்மையும் மாற்றி மாற்றிப் போட்டு ஏழு வீட்டுக்கும் பேசினார்கள். "மதினி, ஒரு நிமிசம் எனக்குக் குடுங்க" என்று வரிசையில் நின்று வாங்கிப் பேசியதை அம்மா இப்போதும் சொல்வார். மூன்றாம் நாள் மதியம் இறங்கி வரும்போதும் போன் உயிரோடு இருந்தது. புதிதாக இருக்கும்போது 400 மணி நேரம் வரை தாங்கும் என்று கம்பெனி சொன்ன போன் அது.

கம்பெனியின் வீழ்ச்சியைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, அதனால் சுருக்கமாக. 2007 கடைசியில் உலகில் விற்ற போன்களில் பத்துக்கு நாலு நோக்கியா. அதே வருடம்தான் ஐபோன் வந்தது. 2011இல் மைக்ரோசாஃப்டோடு கைகோத்து விண்டோஸ் போன் பக்கம் போனார்கள், 2014 ஏப்ரலில் போன் வியாபாரத்தையே மைக்ரோசாஃப்டுக்கு விற்றார்கள். 2006இல் தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் ஆலை, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்பிள்ளைகள் வேலை பார்த்த ஆலை, வரி வழக்கில் மாட்டிக்கொண்டதால் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போகாமல் 2014 நவம்பர் 1இல் உற்பத்தியை நிறுத்தியது. தொடுதிரை வந்ததால் தோற்றார்கள் என்று ஒரே வரியில் முடிப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. 1100 செய்தபோது யாருக்காகச் செய்கிறோம் என்பது தெளிவாக இருந்தது. பின்னால் வந்த விலை கூடிய மாடல்களில் அந்தத் தெளிவை நான் பார்க்கவில்லை. நோக்கியா இப்போதும் இருக்கிறது, கோபுரங்களுக்கான கருவிகளைச் செய்கிறது, ஜியோ, ஏர்டெல் இரண்டின் 5ஜியிலும் அதன் பொருள் உண்டு. 2016க்குப் பிறகு நோக்கியா பெயரில் வந்த போன்கள் எச்.எம்.டி. என்ற வேறு பின்லாந்து நிறுவனம் பெயர் உரிமை வாங்கி விற்றவை.

இடையில் அம்மாவுக்குப் புதிதாக ஒரு கீபேட் போன் வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன், என்ன பிராண்ட் என்பது வேண்டாம். பளபளவென்று இருந்தது. ஒரே மழைக்காலத்தில் பொத்தானுக்கு அடியில் ஈரம் இறங்கி 4ஐ அழுத்தினால் 44 விழுந்தது. ஜீப்காரருக்கே போன் போகவில்லை. அம்மா பேசாமல் பழையதை எடுத்துக்கொண்டார்.

பழுது பார்க்கிற கடையைப் பற்றியும் சொல்கிறேன். கம்பத்தில் ஒரு சின்னக் கடை, ஒரு ஆள் மட்டும் உட்காரும் அகலம். பதினோரு மணிக்கு முன்னால் திறக்க மாட்டார், பில் கொடுக்க மாட்டார், சொன்ன நாளில் கிடைக்காது. இத்தனை இருந்தும் நான் வேறு கடைக்குப் போவதில்லை, ஏனென்றால் "தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்கங்க" என்று அவர் ஒரு தடவை கூடச் சொன்னதில்லை. மைக் மாற்ற 150, பேட்டரி 250. டூப்ளிகேட் பேட்டரி பாதி விலைக்குக் கிடைக்கும், வேண்டாம், ஆறு மாதத்தில் உப்பிவிடும். மூடியைத் திறந்து காட்டி, "உள்ள பாருங்கம்மா, போர்டுல ஒரு துரு இல்ல" என்றார். அம்மாவுக்கு என்ன புரிந்ததோ, "நல்லாப் பாத்துக்குறேன்ல தம்பி" என்றார்.

இன்றைக்கு 1100 தேடி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஆன்லைனில் புதியது போல விற்பதில் பெரும்பாலும் வெளிக்கூடு போலி, நேரில் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். இது 2ஜி போன். ஜியோவில் 2ஜி கிடையாது, அந்த சிம் இதில் வேலை செய்யாது. ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா), பி.எஸ்.என்.எல். சிம் போதும். சின்ன சிம் என்றால் பெரிய சட்டகம் போட்டுச் செருக வேண்டும். பேங்க் ஓ.டி.பி. வரும். பேரனோடு வீடியோவில் பேச ஆசைப்படுகிறவர்களுக்கு இது போதாது, அதற்கு அம்மா என் போனைத்தான் வாங்கிக்கொள்கிறார்.

மைக் மாற்றிய மறுநாள் காலை ஏழரைக்கு எனக்கு ஒரு அழைப்பு. பின்னால் ஜீப் சத்தம், மழைச் சத்தம். "மேல வந்துட்டேன். குரல் தெளிவாக் கேக்குதாடா?" கேட்டது.