பழைய வீட்டைச் சீரமைத்துக் கொடுத்த ஆர்க்கிடெக்ட் நிறுவனம்: ஃபெஞ்சல் புயல் மழையும் பார்த்த பிறகு எழுதுகிறேன்

பழைய வீட்டைச் சரிபண்ண ஆர்க்கிடெக்ட் தேவையா, நல்ல மேஸ்திரி போதாதா என்று கேட்பவர்களுக்கு என் அனுபவத்தில் பதில் இதுதான்: தேவை. ஆனால் கம்ப்யூட்டரில் காட்டும் அழகான படத்தை வைத்து ஆளைத் தேர்ந்தெடுக்காதீர்கள், உங்கள் வீட்டுச் சுவரோடு எவ்வளவு நேரம் செலவழிக்கிறார் என்பதைப் பாருங்கள்.

எங்கள் வீடு புதுச்சேரியில், பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதியில் இருக்கிறது. கீழே திண்ணை, நடை, முற்றம் என்று முழுக்கத் தமிழ் வீடு, மாடியில் மட்டும் வளைவு ஜன்னலும் தூணும் வைத்த பிரெஞ்சு பாணி. முன்கட்டு தாக்குப்பிடித்து நின்றது, பின்கட்டு 2011 தானே புயலிலேயே பாதி போய்விட்டது. பார்க்க வந்த இன்ஜினியர்கள் எல்லோரும் உள்ளே நுழைந்த கொஞ்ச நேரத்தில் “இடிச்சிட்டுப் புதுசா கட்டிடுங்க” என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலை மேரி கட்டடம் (பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சி அலுவலகம்) அப்படியே சரிந்து விழுந்ததைப் பார்த்த ஊர் இது, பழைய கட்டடம் என்றாலே எல்லோருக்கும் ஒரு பயம். (மேரியை அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்கள், ஆனாலும் அது புதுக் கட்டடம்தான்.)

2018-இல் நாங்கள் வேலையைக் கொடுத்தது ஒரு சின்ன நிறுவனத்திடம். முன்கட்டை மீட்பது, பின்கட்டை எடுத்துவிட்டுக் குளியலறையோடு கூடிய புது அறைகள் கட்டுவது, இரண்டும் அவர்கள் பொறுப்பு. முதல் நாள் வந்த ஆர்க்கிடெக்ட் அம்மா கையில் ஒரு சாக்பீஸோடு கூடத்துச் சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். கெட்டிச் சத்தம் வந்த இடத்தை விட்டுவிட்டு, பொள்ளலாகக் கேட்ட இடத்தையெல்லாம் வட்டம் போட்டார். கடைசியில் பார்த்தால் வட்டங்கள் எல்லாமே இடுப்பு உயரத்துக்குக் கீழே, முன்பு ஒருமுறை ஓதம் அடிக்கிறது என்று சிமெண்ட் பூசிய பகுதியில்தான் இருந்தன. அந்தச் சிமெண்ட்தான் நோய் என்றார். சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், இழுத்ததைக் காற்றில் விட்டுவிடும். மேலே சிமெண்ட் பூசி அடைத்தால் ஈரம் போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும், கூடவே வந்த உப்பு பூத்துச் செங்கல்லையே மாவாக்கிவிடும். வேறு யாரும் இதை எங்களுக்குச் சொன்னதில்லை. நாங்கள் கொடுத்த ஃபீஸில் பாதி அந்த ஒரு நாளுக்கே தகும் என்று இன்றும் நினைக்கிறேன்.

சிமெண்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுவரை அப்படியே காயவிட்டார்கள். வேலையே நடக்காத மாதிரி தெரிந்த அந்த மாதங்களில் வீட்டில் எல்லோருக்கும் பொறுமை போயிற்று. அப்புறம் சுண்ணாம்பை ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைச் சேர்த்து அரைத்துப் பூசினார்கள். இந்தப் பூச்சு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்லத்தான் இறுகும், அவசரப்படுத்த முடியாது. ஆறு மாதத்தில் குடிபோக வேண்டும் என்றிருப்பவர்களுக்கு இது ஒத்துவராது, முன்பே சொல்லிவிடுகிறேன்.

மேல்தளம் மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக, மூலைவாக்கில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, தட்டோடு பதிப்பார்களே, அதுதான். சுவருக்குள் போகும் கட்டை முனைகள் மட்டும் உளுத்திருந்தன. முழுக் கட்டையையும் மாற்றாமல், உளுத்த முனையை வெட்டிவிட்டு, இடித்த வீடுகளிலிருந்து வாங்கிய பழைய தேக்கை ஆசாரி ஒட்டுப்போட்டார். அழகான வேலை, இன்றைக்கும் அண்ணாந்து பார்த்தால் இணைப்பு தெரியும், மறைக்கக் கூடாது என்பது அவர்கள் கொள்கையாம். எனக்கும் அது பிடித்திருக்கிறது. ஆனால் மரத்துக்குப் போட்ட எஸ்டிமேட் மட்டும் கொஞ்சமும் சரியில்லை. கட்டையைத் திறந்து பார்க்காமல் தெரியாது என்பது நியாயம்தான், ஆனால் அதை எழுத்தில் சொல்லி ஒரு உச்சவரம்பும் போட்டிருக்க வேண்டும்.

பெரிய குறை பின்கட்டில். புது கான்கிரீட் தூண்களைப் பழைய சுவரில் தொடாமல் தனியாக நிறுத்தினார்கள். இரண்டும் வேறு வேறு மாதிரி அசையும் என்பதால் அது மிகச் சரி. ஆனால் நடுவில் விட்ட இடைவெளியை வெறும் சீலண்ட் (இடைவெளியை அடைக்கும் பசை) போட்டு அடைத்தார்கள், நம் ஊர் வெயிலில் அது பிய்ந்துபோனது. அடுத்த மழையில் நடைச் சுவரில் தண்ணீர் வழிந்தது. போன் பண்ணினால் சூப்பர்வைசர் வந்து சிமெண்ட் அடைத்துவிட்டுப் போனார், எந்தச் சிமெண்ட் வேண்டாம் என்று எங்களுக்குப் பாடம் எடுத்தார்களோ அதே சிமெண்ட்! அதுவும் வெடித்தது. வீட்டை ஒப்படைத்த பிறகு போனை எடுப்பதும் குறைந்துபோயிருந்தது, இதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. கடைசியில் அந்த அம்மாவே நேரில் வந்து, உலோகத் தகடு ஒன்றைப் புதுச் சுவர் பக்கம் மட்டும் பொருத்தி, பழைய கைப்பிடிச் சுவர் மேல் சும்மா படியும்படி விட்டார். எந்தப் பக்கம் அசைந்தாலும் தகடு கிழியாது.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. தெருவே குளமாகி, திண்ணைப் படி முங்கியது. மறுநாள் டார்ச்சோடு டெரஸ் அடியில் ஒவ்வொரு கட்டையாகப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. தகடு போட்ட இடமும் காய்ந்தே இருந்தது. கீழே சுவரில் ஏறிய ஈரம் பொங்கலுக்குப் பிறகு தானாகவே இறங்கிவிட்டது, ஒரு இடத்தில்கூடக் காரை பெயரவில்லை. சிமெண்ட் பூச்சு இருந்த காலத்தில் சாதாரண மழைக்கே சித்திரை வரை ஓத நாற்றம் அடிக்கும்.

யாராவது இப்படி ஒரு வேலையைக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், ஒப்படைத்த பிறகு குறைந்தது மூன்று மழைக்காலம் ஆர்க்கிடெக்டே நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள், கடைசித் தவணையில் ஒரு பகுதியை அதுவரை நிறுத்தி வையுங்கள். அவர்கள் ஏற்கெனவே முடித்த வீடு ஒன்றை மழை பெய்யும்போது போய்ப் பாருங்கள். பெயிண்டர் வந்து பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்துத் தருகிறேன் என்றால் வேண்டவே வேண்டாம், அதுவும் சிமெண்ட் மாதிரி ஈரத்தை அடைத்துவிடும், சுண்ணாம்பு அடிக்கிறவரைத் தேடிப் பிடியுங்கள். டெரஸ் வேலையைத் தை கடந்ததும் தொடங்கினால்தான் ஐப்பசி மழைக்குள் சுண்ணாம்பு இறுகும், அதனால் ஆளைப் பார்த்துப் பேசி முடிக்கிற வேலையை அதற்கு முந்தைய ஆவணியிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.