காரைக்குடி வீட்டில் பழைய ரவுட்டருக்குக் கிடைத்த புது வேலை

சிங்கப்பூரில் வீட்டு இணைய ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 24 மாதங்களுக்குப் போடப்படுவதால், புதுப்பிக்கும்போது பலருக்கும் புது ரவுட்டர் ஒன்று வந்துசேர்கிறது. நன்றாக இயங்கும் பழையது அலமாரிக்குள் போய்விடுகிறது. அப்படிக் கிடந்த ஒன்றை இம்முறை காரைக்குடிக்கு எடுத்துச் சென்றேன். அப்பத்தா பகலெல்லாம் இருக்கும், வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டில் வைஃபை எட்டாததால், எங்களோடு வீடியோ அழைப்பில் பேச அவர் ஒவ்வொரு முறையும் வாசல் பக்கத்து முகப்பு வரை நடந்து வர வேண்டியிருந்தது எங்களுக்கு நெடுநாள் வருத்தம்.

எங்கள் வீடு முகப்பு, நடு முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெரு வரை நீளும் பழைய வீடு. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய அதன் தடித்த சுவர்களில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவில் தளர்ந்துவிடுகிறது, 2.4 கிகாஹெர்ட்ஸ் சற்றுக் கூடுதலாகச் சென்றாலும், வளவைக் கடந்ததும் அதுவும் ஓய்ந்துவிடுகிறது. ஃபைபர் தெருப்பக்கமாக நுழைவதால், இணைய நிறுவனத்தார் பெட்டியை முகப்பிலேயே பொருத்திவிட்டுப் போயிருந்தார்கள்.

நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை அழைத்தபோது, பெட்டியை அணைத்துப் போடச் சொன்னதற்கு மேல் அவர்களிடம் பதில் இல்லை. நேரில் வந்த தம்பி மரியாதையானவர், வேலை தெரிந்தவர்; ஆயினும் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் எக்ஸ்டெண்டர் ஒன்றை விலைக்கு வாங்கும்படிதான் அவருக்கும் சொல்லப்பட்டிருந்தது. ஒரே அலைவரிசையில் வாங்கவும் அனுப்பவும் செய்யும் எக்ஸ்டெண்டரில் வேகம் ஏறக்குறையப் பாதியாகும் என்பதையும், தளர்ந்த சிக்னலை வாங்கினால் தளர்ந்ததையே அது பரப்பும் என்பதையும் வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லியாக வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மாறாக, முகப்புப் பெட்டியிலிருந்து இரண்டாங்கட்டுக்குக் கேபிள் இழுத்து, அதன் முனையில் பழைய ரவுட்டரை வைப்பது என்று முடிவு செய்தேன். அதற்குக் கடைத்தெருவில் உள்ள சிறு கணினிக் கடைக்காரர் செய்து கொடுத்த வேலை மனநிறைவாக இருந்தது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவான கேபிளைத் தவிர்த்து, முழுச் செம்பாலான கேட்-6 ரக நெட்வொர்க் கேபிளை அவரே எடுத்துக் காட்டினார். இத்தகைய ஈதர்நெட் கேபிளுக்கு 100 மீட்டர் வரை அனுமதி உண்டு என்பதால், எவ்வளவு நீண்ட வீடானாலும் பெரும்பாலும் கவலையில்லை. சுவரைத் துளைக்காமல், கதவு நிலைகளின் மேலே, மின்கம்பிக் குழாயை விட்டு விலக்கி இழுத்து, இரு முனையிலும் ஆர்ஜே-45 என்ற செருகியைப் பொருத்தி, டெஸ்டர் வைத்து ஒவ்வொரு இழையையும் சரிபார்த்த பிறகே கூலி வாங்கினார்.

ரவுட்டரை அமைப்பது அதைவிட எளிது. முதலில் பின்புறத் துளையில் ஊசியால் அழுத்திப் பழைய அமைப்புகளை அழித்தேன். முகப்புப் பெட்டியின் முகவரி 192.168.1.1 என்பதால் இதற்கு 192.168.1.2 கொடுத்து, சாதனங்களுக்குத் தானாக முகவரி வழங்கும் டிஹெச்சிபியை நிறுத்தினேன். அந்த வேலையை இரண்டு பெட்டிகள் செய்தால் குழப்பமே மிஞ்சும். இப்படி அமைக்கும்போது, கேபிளை வெளி இணையத்துக்கான வேன் (WAN) துளையில் செருகாமல், வீட்டுச் சாதனங்களுக்கான லேன் (LAN) துளையில் செருக வேண்டும் என்பது முக்கியம். சில ரவுட்டர்களில், கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்ப மட்டும் செய்யும் ஆக்சஸ் பாயின்ட் என்ற தேர்வே இருக்கும். அதை அழுத்தினால் முகவரி, டிஹெச்சிபி மாற்றங்கள் பெரும்பாலும் தாமாகவே நடந்துவிடும். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் முகப்பில் உள்ளவையே, இரண்டும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க, 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனலை மட்டும் அங்கே 1, இங்கே 6 என்று பிரித்தேன். நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றவும், மென்பொருளைப் புதுப்பிக்கவும் தவறக் கூடாது.

இதேபோல் கொண்டுபோக நினைப்பவர்கள் அடாப்டரில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரின் தட்டை முள் பிளக் நம் ஊர் உருண்டைத் துளைகளில் நுழையாது, பிளக் மாற்றி ஒன்று வேண்டும். மின்சாரம் போகும்போது முகப்புப் பெட்டி மட்டும் இன்வெர்ட்டரில் ஓடி என்ன பயன்? இரண்டாங்கட்டு ரவுட்டரையும் இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக்கிலேயே மாட்ட வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பக்கம் அப்படி ஒரு பிளக் இல்லாததால், எலக்ட்ரீஷியனை அழைத்து ஒன்று போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.