பாளையங்கோட்டைக்குப் பறக்க மதுரையா, வாகைகுளமா?

சென்னையிலிருந்து பாளையங்கோட்டையில் இருக்கும் அம்மாவைப் பார்க்க அடிக்கடி பறக்கிறவன் என்ற முறையில், மதுரை, தூத்துக்குடி ஆகிய இரு விமான நிலையங்களையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, இப்போது தூத்துக்குடிக்கான வாகைகுளம் நிலையத்தோடு நின்றுவிட்டேன். (இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் படுக்கை உறுதியாகிவிட்டால் இரண்டுமே தேவையில்லை என்பது வேறு.)

வரைபடத்தில் மதுரைதான் அருகில் தெரியும். மீனம்பாக்கத்திலிருந்து வான்வழித் தொலைவு மதுரைக்குச் சுமார் 420 கி.மீ., வாகைகுளத்துக்குச் சுமார் 530 கி.மீ. ஆனால் ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வதும் மேலேறுவதும் இறங்குவதும் இரண்டு பயணங்களுக்கும் பொதுவானவை. கூடுதலான 110 கி.மீ. முழுவதும் விமானம் தன் முழு வேகத்தில் செல்லும் நடுப்பகுதியில்தான் சேருகிறது. அங்கே சிறிய ஏ.டி.ஆர். விமானம்கூட மணிக்கு ஏறத்தாழ 500 கி.மீ. வேகத்தில் பறப்பதால், அந்தத் தொலைவு கால் மணி நேரத்துக்குள் கடந்துவிடுகிறது.

தரையில் நிலைமை வேறு. வாகைகுளம் நிலையம் தூத்துக்குடி–திருநெல்வேலி நான்கு வழிச் சாலையை ஒட்டியே இருப்பதால், வெளியே வந்து வண்டி ஏறினால் ஏறத்தாழ 35 கி.மீ., முக்கால் மணி நேரத்தில் வீடு. மதுரையில் இறங்கினாலோ கப்பலூர், விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு என்று ஏறத்தாழ 150 கி.மீ. போக வேண்டும்; கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வாங்க நிறுத்தாமல் போனாலும் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. வாடகைக் காருக்கும் வழியில் உள்ள சுங்கச்சாவடிகளுக்கும் கொடுப்பதைச் சேர்த்தால், விமானக் கட்டணத்தில் மிச்சம் பிடித்த பணம் சாலையிலேயே கரைந்துவிடுகிறது. காரை விட்டுப் பேருந்தில் போகலாம் என்றால், முதலில் மதுரை நகரைக் கடந்து மாட்டுத்தாவணிக்குப் போக வேண்டும். விமானம் கிளம்பியது முதல் வீட்டு வாசல் வரை எனக்கு வாகைகுளம் வழியாக இரண்டரை மணி நேரமும், மதுரை வழியாக நான்கு மணி நேரமும் ஆகின்றன.

மதுரைக்கு விமானங்கள் அதிகம் என்பது உண்மைதான். ஒன்று ரத்தானால் அடுத்ததைப் பிடிக்கலாம். வாகைகுளத்தில் 1,350 மீட்டர் ஓடுபாதை 3,115 மீட்டராக நீட்டப்பட்டு, 2025 ஜூலையில் புதிய முனையமும் திறக்கப்பட்டிருப்பதால், பெரிய விமானங்கள் இறங்க முன்பிருந்த தடை நீங்கியிருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நான் அங்கே இருமுறைதான் இறங்கியிருக்கிறேன். இரண்டும் நேரத்துக்கு வந்தன என்றாலும், அதை வைத்து யாருக்கும் உறுதி கூற மாட்டேன்.

சாத்தூருக்கோ சிவகாசிக்கோ போகிறவர்களுக்கு என் கணக்கு அப்படியே தலைகீழாகும். கோவில்பட்டிக்காரர்கள் அன்றைய கட்டணத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம்.