சாய்ந்தாடும் நாற்காலி பூட்ட எந்தப் பசை: ஃபெவிகாலா, அரால்டைட்டா?

தண்டையார்பேட்டையில் மரவேலை செய்கிற யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் ஃபெவிகால் என்பார்கள். கட்டில், மேசை, அலமாரிக்கு அது சரிதான். விலை குறைவு, வழிந்ததை ஈரத்துணியால் துடைத்துவிடலாம், பலகைகளை ஓரம் சேர்த்து ஒட்டினால் ஒட்டு விடுவதற்கு முன் மரம் பிளந்துவிடும். என் தேக்கு நாற்காலியின் உட்காரும் பலகையை நானும் அதில்தான் ஒட்டினேன். முதுகுக்கும் கால்களுக்கும் மட்டும் மெதுவாக இறுகும் அரால்டைட், அதாவது இரண்டு பொருளைக் கலந்து தடவும் எபாக்சிப் பசை. இன்னொரு நாற்காலி செய்தாலும் அப்படித்தான் செய்வேன்.

பலத்துக்காக அல்ல, கழுந்து (துளைக்குள் செருகச் சீவிய முனை) சரியாகப் பொருந்தினால் இரண்டுமே தாங்கும். எனக்கு வேண்டியிருந்தது நேரம்.

முதுகுக் குச்சிகளை ஒவ்வொன்றாக ஒட்ட முடியாது. கீழே ஏழு துளை, மேலே வளைந்த கட்டையில் ஏழு துளை, பதினான்கும் ஒரே மூச்சில் உள்ளே போக வேண்டும். ஃபெவிகால் தடவினால் கையில் இருப்பது பத்து நிமிடத்துக்குள்தான். சித்திரை வெயிலில், மேலே ஃபேனும் ஓடினால், அதற்கும் முன்பே ஆடை கட்டிவிடும். தவிர, அதில் தண்ணீர் இருக்கிறது. இறுக்கமாகச் சீவிய கழுந்து அந்த ஈரத்தைக் குடித்து உப்பி, பாதித் துளையிலேயே பிடித்துக்கொள்ளும். சுத்தியலால் அடித்தால் குச்சிதான் உடையும். அரால்டைட்டில் தண்ணீர் கிடையாது, கழுந்து வழுக்கிக்கொண்டு இறங்கும். குச்சி திரும்பியிருந்தால் திருத்தலாம், மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்க்கலாம், அடி வளைகட்டை இரண்டும் ஒன்றுபோல உட்கார்ந்ததா என்று தரையில் வைத்து மெல்ல ஆட்டியும் பார்க்கலாம். இதில் கோணல் விழுந்தால் நாற்காலி ஆடும்போதெல்லாம் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போகும்.

உளியால் தோண்டிய துளையில் நூலளவு இடைவெளி இருந்தாலும் அரால்டைட் நிரப்பிக்கொள்ளும். ஃபெவிகாலுக்குக் கிளாம்ப் போட்டு நன்றாக நெருக்க வேண்டும். வளைந்த முதுகில் கிளாம்ப் நிற்காது. அரால்டைட்டுக்குக் கயிறு சுற்றி, குச்சி செருகி முறுக்கினால் போதும்.

வேலை அதிகம், ஒத்துக்கொள்கிறேன். தேக்கின் எண்ணெய்ப் பசையை ஒட்டும் முன் அசிட்டோன் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். பசையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரும் சம அளவு. வெப்பம் 10 டிகிரி கூடினால் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும், அதனால் விடியற்காலையில் கலப்பது நல்லது. கிண்ணத்தில் மொத்தமாகக் கலந்தால் தானே சூடேறிச் சீக்கிரம் இறுகும். தட்டையான ஓட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். கையுறை கட்டாயம், தோல் அரிப்பு வந்தால் லேசில் விடாது.

பழுது பார்ப்பதில் அரால்டைட் பின்தங்கும். பழைய தச்சர்கள் காய்ச்சிய வச்சிரம் (தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசை) வெந்நீருக்கு இளகும், ஃபெவிகாலும் சூட்டுக்கும் ஈரத்துக்கும் ஓரளவு விட்டுக்கொடுக்கும். அரால்டைட் இளகும் அளவுக்குச் சூடு காட்டினால் பாலிஷ் போய்விடும். காசிமேட்டுக் கடல்காற்றில் என் நாற்காலி ஒரு மழைக்காலத்தைத்தான் கண்டிருக்கிறது. ஒட்டு அசையவில்லை, ஆனால் இருபது வருடத்துக்கு வாக்குக் கொடுக்க அது போதாது.

முதுகில் இரண்டே குறுக்குச் சட்டம் உள்ள எளிய நாற்காலி என்றால் அரால்டைட் தேவையில்லை. கூட ஒரு ஆள் இருந்தால் ஃபெவிகாலிலேயே பூட்டிவிடலாம். சாரல் அடிக்கும் திண்ணையில் போடுவதாக இருந்தால் ஃபெவிகாலில் தண்ணீர் தாங்கும் மரைன் வகையை வாங்குங்கள்.