ஈமாக்ஸ்: கேட்கத் தெரியும், இடம் ஒதுக்கத் தெரியாது

பல ஆண்டுகளாக என் கட்டுரைகளும் நிரல்களும் ஜிஎன்யு ஈமாக்ஸ் என்ற உரைத் திருத்தியில்தான் உருவாகின்றன. அதன் எல்லா வசதிகளையும் இங்கே அளக்கப் போவதில்லை. அது நம்மிடம் கேள்வி கேட்கும் விதமும் திரையைப் பங்கு போடும் விதமும் மட்டும்.

கேட்பதில் குறை சொல்ல முடியாது. விசைகளால் இயக்கும்வரை, கோப்பின் பெயரோ கட்டளையோ, எதுவானாலும் திரையின் அடியிலுள்ள மினிபஃபர் வரியில்தான் கேட்கும். எழுதிக்கொண்டிருக்கும் பத்தியின் மேல் பெட்டி எதுவும் வந்து விழாது. வேண்டாமென்றால் கன்ட்ரோல்-ஜி. முன்பு தந்த பதில் வேண்டுமா, மெட்டா-பி (மெட்டா என்பது பெரும்பாலும் ஆல்ட் விசை). தமிழ் உள்ளீட்டு முறையில் எழுதும்போது தேடலும் தேடி மாற்றுவதும் தமிழையே வாங்கிக்கொள்ளும். கட்டளையைப் பெயரால் அழைக்கும் மெட்டா-எக்ஸோ ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடும். கட்டளைப் பெயர்கள் ஆங்கிலம்தானே, யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

சேமிக்காமல் வெளியேறப் பார்த்தால் ‘யெஸ்’ என்று முழுதாகத் தட்டச் சொல்லும். பலருக்கு இது எரிச்சல். 2022இல் வந்த 28ஆம் பதிப்பு முதல் ஒரே எழுத்தில் பதில் சொல்ல வழியுண்டு. நான் அதை இயக்கவில்லை. மூன்று எழுத்து தட்டுவதற்குள் கேள்வியைப் படித்துவிடுகிறேன்.

சாளரங்கள், அதாவது ஈமாக்ஸ் திரைக்குள் பிரியும் பகுதிகள், அவைதான் தலைவலி. நாமே பிரித்தால் சிக்கலில்லை: கன்ட்ரோல்-எக்ஸ் 2 மேல்கீழாக, 3 பக்கவாட்டில். உதவிக் குறிப்பையோ கம்பைல் விவரத்தையோ ஈமாக்ஸே திறக்கும்போதுதான் வம்பு. இயல்பமைப்பில், சாளரத்துக்கு 80 வரி உயரம் இருந்தால் கீழே பிரிக்கும். இல்லாமல் 160 எழுத்து அகலம் இருந்தால் பக்கவாட்டில். இரண்டுமில்லாவிட்டால், பெரும்பாலும் திறந்திருக்கும் வேறொரு சாளரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். விதி தெளிவானதுதான், ஆனால் அகன்ற மானிட்டரில் வலப்பக்கம் வந்த அதே உதவிக் குறிப்பு, மடிக்கணினியில் நான் பார்த்துக்கொண்டிருந்த கோப்பை மறைத்துக்கொண்டு நிற்கிறது. கண் எங்கே பார்க்கப் பழகும்?

மருந்து, டிஸ்ப்ளே-பஃபர்-அலிஸ்ட் என்ற மாறி. உதவிக்கு வலப்பக்கம், கம்பைலுக்கு அடியில் கால் பங்கு என்று எழுதி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு எதுவும் இடம் மாறவில்லை. ஆனால் அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாகப் போகும் அந்த அமைப்பைக் கையேட்டைப் படித்துப் புரிந்துகொள்ளப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் வின்னர்-மோடையாவது இயக்கிக்கொள்ளுங்கள். கன்ட்ரோல்-சி, இடது அம்புக்குறி: கலைந்த அடுக்கு பழையபடி திரும்பிவிடும். இவ்வளவு அவசியமான ஒன்றை ஏன் அணைத்தே தருகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.