ஆறு வருடமாக எங்களோடு வரும் ஃபைபர் டிரெய்லர்

காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டு மாமரத்தடியில் சின்ன ஃபைபர் கேம்பர் ஒன்று நிற்கிறது, வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போய் உள்ளேயே படுத்துக்கொள்கிற டிரெய்லர். பார்க்கிறவர்கள் விலையைக் கேட்பார்கள், அப்புறம் பொலிரோ இழுக்குமா என்று கேட்பார்கள். இழுக்கும், காலி எடை 600 கிலோதான். இதற்கும் தனி ஆர்.சி. வேண்டும், அதை முதலிலேயே முடித்துவிடுங்கள். யாரும் கேட்காதது ஒன்று உண்டு: இதில் எங்கெங்கே ஓட்டை போட்டிருக்கிறார்கள்?

தகரம் அடித்த வண்டியில் கூரையும் சுவரும் சேரும் இடமெல்லாம் இணைப்பு. குலுங்கிக் குலுங்கி நாளடைவில் வாய் விட்டுவிடும். ஃபைபரில் மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் தனித்தனியாக அச்சில் வார்த்து நடுவில் ஒட்டுகிறார்கள். 1968-இல் கனடாவின் வின்னிபெக்கில் வந்த போலர் டிரெய்லரும் இப்படித்தான். கூரையில் இணைப்பே இல்லை, ஒழுகாது என்ற நம்பிக்கையில்தான் 2019-இல் வாங்கினேன். கூரை இன்றுவரை ஒழுகவில்லை. கூரையில் காற்றுக்காக அறுத்திருந்த சதுரம் ஒழுகியது.

முதல் ஐப்பசி மழை முடிந்து மெத்தையைத் தூக்கினேன். மூலையில் ப்ளைவுட்டை விரலால் அழுத்த, டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உள்ளே போனது. அன்றைக்கு மனசே விட்டுப்போச்சு. அந்தச் சதுரத்தைச் சுற்றியிருந்த பழைய சிலிகான் பசையை பிளேடால் முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, ரப்பர் மாதிரி ஒட்டிக்கொள்ளும் பியூட்டைல் டேப் வைத்துத் திருகினோம். ஒகேனக்கல்லில் பரிசலைக் கவிழ்த்துப்போட்டு ஒவ்வொரு இடமாகத் தடவிப் பார்ப்பார்களே, அப்படி ஒவ்வொரு ஆடியிலும் ஜன்னல், கூரைக் கதவு, விளக்குத் திருகு என்று தடவிப் பார்க்கிறேன். அதற்குப் பிறகு ஒரு சொட்டு இறங்கவில்லை.

பயந்தது ஒரே ஒரு முறை, தொப்பூர் கணவாயில். சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். "ஏங்க, பின்னாடி ஆடுதுங்க" என்றாள் மனைவி. கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லர் வாலாட்டுகிறது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தேன். வேகம் குறையக் குறைய அடங்கியது. காரணம் நான் ஏற்றிய விதம்: 60 லிட்டர் தண்ணீர், அடுப்பு, பாத்திரம் எல்லாம் பின்பக்கம். ஊர் திரும்பியதும் அதே சாமானோடு எடைமேடையில் ஏற்றினால் மொத்தம் 780 கிலோ. மாங்காய் மண்டித் தராசை, டிரெய்லரைப் பொலிரோவில் மாட்டும் முன்பக்கக் கொக்கிக்கு அடியில் வைத்தால் 45 கிலோதான் காட்டியது. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும். தண்ணீரைச் சக்கர அச்சுக்கு முன்னால் மாற்றினோம், 90 வந்தது. அதன்பின் அதே இறக்கத்தில் பலமுறை போய்விட்டோம், ஆட்டமே இல்லை.

வெயில்தான் இதற்கு எதிரி. மே மாதம் பகலில் உள்ளே உட்காரவே முடியாது. வெளிப் பளபளப்பும் சுண்ணாம்பு பூத்த மாதிரி ஆகிவிடும், வருடம் இருமுறை வேக்ஸ் போடுகிறேன். மார்கழியில் ஓசூரை அடுத்த தளி பக்கம் போனால் நேர்மாறு. மூன்று பேர் மூச்சுக்கே விடியற்காலையில் சுவர் வியர்த்து, போர்வை நனையும். குளிர்ந்தாலும் ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்தே வையுங்கள். அந்தப் பக்கம் ராகி அறுவடைக் காலத்தில் யானைகள் வரும். காட்டோரம் நிறுத்தவே மாட்டோம், தெரிந்தவர் தோட்டத்து வீட்டு வாசலில்தான். ஃபைபர் ஓடு மழைக்குத் தாங்கும், யானைக்குத் தாங்காது.

இப்போது டயர் மாற்ற வேண்டியிருக்கிறது. ஓடியது குறைவு, பட்டன் நன்றாகவே இருக்கிறது. ஆனால் பக்கவாட்டில் 2319 என்று போட்டிருக்கிறது, அதாவது 2019-இன் 23-ஆம் வாரம் செய்தது. நின்றே கிழடான டயர். இரண்டையும் மாற்றி, பேரிங்குக்குப் புது கிரீஸ் வைத்த பிறகுதான் அடுத்த பயணம்.