ஸ்பீடு டெஸ்டில் 95, ஆட்டத்தில் லேக்

ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை ஆட்டமான கவுண்டர் ஸ்ட்ரைக் 2 வெளிவந்த 2023 செப்டம்பரிலிருந்து ஆடிக்கொண்டிருக்கிறேன். மதுரை வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர். ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 95க்குக் குறையாது. ஆனால் ஆட்டத்தில், சுவர் ஓரமாக எட்டிப் பார்க்கும் எதிரி அப்படியே உறைந்து நிற்பான். அரை நொடி கழித்துப் பார்த்தால் கீழே கிடப்பது நான். சில நாள் இணைப்பே அறுந்துவிடும். பாதியில் ஓடிப்போனதாகக் கணக்காகி முதலில் 30 நிமிடத் தடை, அடுத்த தடவை 2 மணி நேரம், பிறகு 24 மணி நேரம். 7 நாள் தடையும் ஒருமுறை வாங்கியிருக்கிறேன். கோயம்புத்தூர் நண்பன், "கல்யாண மண்டபத்துல உக்காந்து ஆடுறியா மச்சான்?" என்று கேட்காத வாரம் இல்லை.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால், "ஸ்பீடு கரெக்டாத்தானே சார் வருது" என்பார்கள். பொய்யில்லை. ஆனால் இந்த ஆட்டத்துக்கு 2 எம்பிபிஎஸ் இருந்தாலே போதும். வேண்டியது சீரான வரத்து. சர்வர் நொடிக்கு 64 தடவை நிலவரம் அனுப்புகிறது, அதாவது 15.6 மில்லிசெகண்டுக்கு ஒன்று. அதில் நாலைந்து சேர்ந்தாற்போல் தொலைந்தாலோ, தாமதமாகிக் கும்பலாக வந்தாலோ ஆட்டம் துள்ளும். ஸ்பீடு டெஸ்ட் இதையெல்லாம் சராசரியில் கரைத்துவிடும்.

முதல் வருஷம் முழுக்க வீண். டிஎன்எஸ் மாற்றினேன். அது பெயரை முகவரியாக்கித் தருவதோடு சரி, ஆட்டத்தின் பிங்கை, அதாவது சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் மில்லிசெகண்டுகளை, தொடவே தொடாது. ஆட்டத்தை வேறு வழியாகத் திருப்பிவிடும் 'கேமிங் விபிஎன்' ஒன்றுக்கு ஒரு மாதம் காசு கட்டினேன். பிங் ஏறியதுதான் மிச்சம். ஆட்டத்தை அழித்து மறுபடி இறக்கியதை எண்ணவே இல்லை.

உருப்படியாகச் செய்த முதல் வேலை, கம்ப்யூட்டரில் கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னல்கள் இரண்டைத் திறந்து பிங் கட்டளையை நிற்காமல் ஓடவிட்டது. ஒன்று வீட்டு ரவுட்டரான 192.168.1.1க்கு, இன்னொன்று வெளியே கூகுளின் 8.8.8.8க்கு. ரவுட்டர் வரைக்குமே எண் தாவினால் கோளாறு வீட்டுக்குள். ரவுட்டர் சுத்தமாக இருந்து வெளியே மட்டும் தாவினால் கம்பியிலோ அதற்கு அப்பாலோ. இதை அன்றே செய்திருந்தால் ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும்.

பத்தடி தள்ளி இருந்த ரவுட்டருக்கே 80, 120 என்று போய்க்கொண்டிருந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. அக்கம்பக்கத்துப் பதினைந்து வீட்டு வைஃபையும் அதே அலையில். அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு சுவரில் ஓட்டை போட்டு லேன் கேபிள் இழுத்தேன். 1 மில்லிசெகண்டுக்கு வந்தது. பாதித் தொல்லை அன்றோடு போனது.

அடுத்தது, சித்தி மகள் கல்யாணம் முடிந்த வாரம். அம்மா போன் ராத்திரி ஒன்பதுக்கு மேல் போட்டோக்களை கிளவுடில் ஏற்ற ஆரம்பித்தால் 32ஆக இருந்த பிங் 300ஐத் தாண்டும். என் திட்டத்தில் அப்லோடு வேகம் 20தான். போட்டோ அதை அடைத்துக்கொண்டால் ஆட்டத்தின் சின்னப் பாக்கெட்டுகள் (தகவல் துண்டுகள்) வரிசையில் பின்னால் நிற்கும். ரவுட்டரில் அப்லோடை 18க்குக் கட்டி, கம்ப்யூட்டருக்கு முன்னுரிமை கொடுத்ததும் சரியானது.

அப்படியும் அவ்வப்போது பாக்கெட் தொலைந்தது. ரவுட்டர் ஜன்னல் சுத்தம், வெளி ஜன்னலில் விட்டு விட்டு 'டைம் அவுட்'. ஒரு வாரப் பதிவை எடுத்து அனுப்பிய பிறகுதான் லைன்மேன் ஒருவர் வந்தார். ஒளி அறுந்தால் எரியும் ரவுட்டரின் சிவப்பு விளக்கு எரியாததால் அதுவரை யாரும் கம்பியைச் சந்தேகப்படவில்லை. ரவுட்டரிலிருந்து ஃபைபரை உருவி, கையடக்க பவர் மீட்டரில் செருகினார்: மைனஸ் 28.4 டிபிஎம். வந்துசேரும் ஒளியின் அளவு அது, மைனஸ் எண் பெருகப் பெருக ஒளி குறைவு. "27க்கு மேல போகக் கூடாது சார்" என்றவர், கம்பியைத் தடவிக்கொண்டே தெருமுனை வரை நடந்தார். எதிர்வீட்டு வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார். "அணில் கடிச்சு வச்சிருக்கு பாருங்க." உறை உரிந்து, உள்ளே இருந்த இழை நெளிந்து கிடந்தது. ஸ்கூட்டர் சீட்டையே மேஜையாக்கி, முனைகளைச் சீவி, ஸ்பிரிட்டில் துடைத்து, இழைகளை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினில் வைத்து மூடினார். சின்னத் திரையில் இரண்டு இழைகளும் நேருக்கு நேர் வந்து ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பத்து நிமிட வேலை. மீட்டரில் மைனஸ் 21. அதாவது அத்தனை நாளும் வரவேண்டிய ஒளியில் ஐந்தில் ஒரு பங்குகூட வீட்டுக்கு வந்திருக்கவில்லை.

இப்போது ஆட்ட அமைப்பில் அதிகபட்ச பிங்கை 60க்கு வைத்திருக்கிறேன். தூரத்து சர்வர்களில் தள்ளிவிடாது, மேட்ச் கிடைக்கத்தான் கொஞ்சம் நேரமாகும். பாக்கெட் இழப்பைச் சமாளிக்கும் பஃபரிங் வசதியை ஒரு பாக்கெட் அளவுக்குப் போட்டிருந்தேன், அதையும் எடுத்துவிட்டேன். வேடிக்கை என்னவென்றால், என் இணைப்பில் மும்பை சர்வருக்கு 31, பக்கத்தில் இருக்கும் சென்னைக்கு அதைவிட அதிகம். வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட் கட்டளையைப் போட்டால் பாக்கெட் மும்பையைச் சுற்றித்தான் சென்னைக்கே போகிறது. அதற்கு எந்த ஸ்ப்ளைசிங் மெஷினும் உதவாது.

வேப்பமரத்து அணில் இன்னும் அங்கேதான் இருக்கிறது. மாதம் ஒருமுறை ரவுட்டர் பக்கத்தைத் திறந்து டிபிஎம் எண்ணைப் பார்த்துக்கொள்கிறேன்.